கை படாமல் திரும்பி வந்த குழம்பு

அன்று மத்தியானம் அடுப்படியில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். பக்கத்து அறை லாத்தா. லாத்தாவின் கைக்குழந்தை, அது தூளியில் தூங்கியது. குழாயடியில் ஒரு பூனை. வேறு யாரும் இல்லை.

வீட்டுக்காரர் சைக்கிளில் மாட்டியிருந்த ஏழு கேரியர்களையும் கழற்றிக் கீழே வரிசையாக வைத்தார். நான் முதல் கேரியரைத் தூக்கினேன். கனத்தது. சாப்பிட்டு முடித்த கேரியர் கனக்காது. கொக்கியைத் தட்டித் திறந்தேன். சோற்றுத் தட்டு காலி. பொரியல் தட்டு காலி. அடித்தட்டில் குழம்பு நான் ஊற்றி அனுப்பியபடியே இருந்தது. எண்ணெய் மேலே மிதந்தது. மீன் துண்டு உடையவில்லை. தட்டின் விளிம்பில் ஒரு சொட்டு வழியவில்லை.

இரண்டாவதைத் திறந்தேன். அதுவும் அப்படித்தான். ஏழையும் திறந்தேன். ஏழும் அப்படித்தான்.

"என்னங்க இது?"

"எனக்கென்ன தெரியும்? குடுத்தாங்க, மாட்டிக்கிட்டு வந்தேன்."

"கேக்கலையா?"

"மூடியிருக்குற பாத்திரத்தை என்னன்னு கேக்குறது?"

"கனம் தெரியலையா உங்களுக்கு?"

"இந்தக் கையில இருக்குறதே ரெண்டு விரலு. அதை வச்சு எடை வேற போடணுமா?"

லாத்தா வந்து, ஒரு கரண்டியில் குழம்பை எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு குறையும் இல்ல புள்ள. எனக்கு ஒரு கிண்ணம் ஊத்து. ராத்திரிக்கு ஆச்சு."

அப்புறம் ஏன் திரும்பி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் நிலைமையைச் சொன்னால்தான் இது புரியும். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டின் பின்பக்க அறையில் இருந்தோம். ஓர் அறை எங்களுக்கு. ஓர் அறை லாத்தா குடும்பத்துக்கு. அடுப்படியும் குழாயும் பொது. லாத்தாவின் வீட்டுக்காரருக்குத் துணி வியாபாரம். அவர்கள் கடலோரத்து முஸ்லிம் சனம், அக்காவை லாத்தா என்பார்கள். என் வீட்டுக்காரர் காலாங் ஆற்றோரத்தில் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தார். ஒரு நாள் வாள் அவர் இடது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. மில்லில் கொஞ்சம் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூரோங் பக்கம் காட்டை வெட்டித் தொழிற்சாலை கட்டுகிறார்கள், ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். கையைக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். வந்துவிட்டார்.

அவரோடு மில்லில் இருந்த ஏழு பேர் ஜாலான் புசாரில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். எல்லாருடைய குடும்பமும் ஊரில். "அண்ணி கையால மத்தியானச் சோறு குடுங்கண்ணே, நாங்க காசு குடுத்துடுறோம்" என்றார்கள். இரக்கத்துக்குத்தான் கேட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். சாப்பிட ஆரம்பித்த பிறகு அது இரக்கமில்லை என்று தெரிந்தது. கேரியர் கழுவினது மாதிரி வரும். குழம்பு இருந்த தட்டை விரலால் வழித்திருப்பார்கள்.

சனிக்கிழமை அவர்கள் கொடுக்கிற காசில்தான் அறை வாடகை. அரிசியும் அதில்தான். ஏழு பேரும் நின்றால் எங்களுக்கு அறை இல்லை. வேறு வரும்படி கிடையாது.

அவர்கள் என்னிடம் வந்ததே புளிக்குழம்புக்காக. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. புளி தெரியும். ஏழு பேருக்கு ஒரு குழம்பு என்றால் எவ்வளவு புளி என்று தராசு வேண்டாம். ஜாடிக்குள் கையை விட்டால் கை தானாக நிற்கும். வெந்நீரில் ஊறப்போட்டு, கோது, கொட்டை, நார் எடுத்து, கெட்டியாகக் கரைப்பேன். நல்லெண்ணெயில் வெந்தயம் சிவக்க வேண்டும், கருகக் கூடாது. வெங்காயம், பூண்டு. பிறகு கரைசல். பச்சை வாசனை போகும்வரை பக்கத்திலேயே நிற்பேன். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் வந்ததும் மீன். அவ்வளவுதான்.

அந்த ஏழு தட்டுக் குழம்பையும் எங்கள் வீட்டிலும் லாத்தா வீட்டிலும் சாப்பிட்டோம். கை படாத குழம்பு. எச்சில் இல்லை. ஆனால் எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் புளியைச் சந்தேகப்பட்டேன். ஜாடியில் இருந்தது புதிதாக வாங்கினது. வழக்கமாக வாங்குகிற கடையில் ஊர்ப் புளி தீர்ந்துபோய், வீட்டுக்காரர் தேக்கா சந்தையில் வேறு கடையில் ஜாவாப் புளி வாங்கி வந்திருந்தார். சிவப்பாக இருந்தது. பழம்புளி கறுப்பாக இருக்கும், நாக்கில் மெதுவாக ஏறும். புதுப்புளி எடுத்தவுடன் பல்லில் அடிக்கும்.

"நீங்க வாங்கிட்டு வந்த புளிதான்."

"முந்தாநாள் வரைக்கும் அந்தப் புளிதானே போட்ட. முந்தாநாள் வரைக்கும் நக்கித்தானே அனுப்பினாங்க."

அதுவும் சரிதான். இருந்தாலும் புளியைக் குறைத்தேன். ஒரு துண்டு வெல்லம் போட்டேன். கேரியர் போனது. வந்தது. கனத்தது.

அதற்கடுத்த நாள் புளியைக் கூட்டினேன். ஒருவேளை சப்பென்று இருந்திருக்குமோ. வந்தது. கனத்தது.

குழம்பே வேண்டாம், ரசம் வைப்போம் என்று வைத்தேன். மிளகு, சீரகம் தட்டிப்போட்டு, புளித்தண்ணீர் தெளிவாக விட்டு, நுரை கட்டும்போது இறக்கினேன். அன்று சோறு கொஞ்சம் மீந்து வந்தது. ரசம் முழுதும் வந்தது. சோற்றை எதை ஊற்றிச் சாப்பிட்டார்கள்? தெரியவில்லை.

வீட்டுக்காரரை விசாரிக்கச் சொன்னேன். அவர் விசாரித்தார்.

"என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னாங்க."

"நல்லாருக்கா?"

"ஆமா. ஏழு பேரும் சொன்னாங்க. அண்ணி கை கைதான்னு ஒருத்தன் சொன்னான்."

"சாப்பிடாம எப்படிங்க நல்லாருக்கும்?"

"அதை நீ அவங்களைத்தான் கேக்கணும்."

வெள்ளிக்கிழமை மீன் கிடையாது. பூசணிக்காய் போட்டு மோர்க்குழம்பு வைத்தேன். எனக்கு மோர்க்குழம்பு அவ்வளவு கைவராது. அன்று கொஞ்சம் திரிந்தும் போனது. கேரியர் வந்தது. தூக்கினேன். காற்று மாதிரி இருந்தது. திறந்தேன். ஏழும் காலி. வழித்திருந்தார்கள்.

நன்றாக வைத்ததைத் தொடவில்லை. திரிந்துபோனதை நக்கியிருக்கிறார்கள். லாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மோர்னா புடிக்குதோ என்னமோ."

"இத்தனை நாளா மோர்க்குழம்பு அனுப்பினா பாதி திரும்பி வரும் லாத்தா."

"அப்ப எனக்கும் தெரியல புள்ள."

சனிக்கிழமை காசு வந்தது. முழுசாக வந்தது. ஒரு வாரம் குழம்பு தொடாதவர்கள் காசைக் குறைக்கவில்லை. கோபத்தில் குறைத்திருந்தால்கூட எனக்கு ஒரு வழி தெரிந்திருக்கும். முழுக் காசை வாங்கி வைத்துக்கொண்டு, இது கடைசிக் காசோ என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மறுபடியும் புளிக்குழம்பு வைத்தேன். பிடிவாதம்தான். காலையில் மீன் கொண்டுவருகிற மலாய்க்காரப் பெரியம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், வந்தபோது அவரை உட்காரவைத்து, குழம்பு கொதித்ததும் ஒரு கரண்டி கொடுத்தேன். வேற்றுச் சாதி நாக்கு, பொய் சொல்லாது என்று நினைத்தேன். அவர் அசாம் போட்டு, புளியை அப்படித்தான் சொல்வார்கள், காய்ச்சுகிற மீன்குழம்பு எனக்குத் தெரியும். ஊதி ஊதிக் குடித்தார்.

"சடாப்" என்றார், நல்ல ருசி என்று அர்த்தம். இன்னொரு கரண்டி கேட்டார்.

அதுவும் கனத்துத் திரும்பி வந்தது.

அன்று வீட்டுக்காரர் ஒரு சேதியும் கொண்டுவந்தார். சைக்கிளை நிறுத்தினார். பிறகு சொன்னார்.

"பாத்திரத்தைப் புளி போட்டு விளக்க வேணாமாம்."

"என்ன?"

"சாம்பல் போட்டு விளக்கச் சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"மூத்தவரு."

ஏழு பேரில் வயதானவரை அப்படித்தான் சொல்வோம்.

"ஏனாம்?"

"கேக்கலை."

"நீங்க இந்த வீட்டுல எதைத்தான் கேட்டிருக்கீங்க?"

"உன்னைப் பொண்ணு கேட்டேன். அதுக்கப்புறம் எதையும் கேக்குறதில்ல."

லாத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேரியர் எல்லாம் பித்தளை, உள்ளே ஈயம் பூசினது. கரைத்த புளியின் சக்கையை எறிய மாட்டேன். அதில் உப்பைத் தொட்டுக் கேரியரின் வெளிப்பக்கம் தேய்ப்பேன். மஞ்சளாக மின்னும். சாம்பலில் அந்த மினுக்கு வராது. ஏழு கேரியரும் மின்னிக்கொண்டு சைக்கிளில் போகிறபோது சந்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். அதைக்கூட வேண்டாம் என்கிறார்கள். குழம்பில் புளி இருப்பது பிடிக்காது, சரி. பாத்திரத்துக்கு வெளியே தேய்த்த புளி அவர்களை என்ன செய்யும்?

லாத்தா மறுபடி வெளியே வந்து மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். "ஈயம் போயிடுச்சோ? களிம்பு ஏறிடுச்சுன்னு பயப்படுறாங்களோ என்னமோ."

ஈயம் தேய்ந்த பித்தளையில் புளி பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும். அது விஷம். சாப்பிட்டவர்கள் குடலைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள். இருபத்தோரு தட்டுகளையும் வெயிலில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஈயம் வெள்ளையாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஆனால் கேரியரின் பிடியில் ஏதோ மஞ்சள் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. மோந்து பார்த்தேன். வத்திக்குச்சி வாடை மாதிரி அடித்தது. மில்லில் மிஷினுக்குப் போடுகிற எண்ணெய் என்று நினைத்தேன். சாம்பல் போட்டு விளக்கினேன்.

மறுநாள் இன்னொரு பேச்சு வந்தது. எங்கள் ஏழு பேரில் இரண்டு பேர் சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று மத்தியானச் சோறு கிடைக்குமா என்று விசாரித்தார்களாம். பால்காரர் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரரிடம் சொன்னார். வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். பகலில் படுக்கிற ஆள் இல்லை.

நான் ஜாடியைத் திறந்து புளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புளி புளியாகத்தான் இருந்தது. என் கையில்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று பட்டது. கை மாறிப்போகும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சில பேருக்கு ஊறுகாய் போட்டால் பூசணம் பிடிக்கும். காரணம் கிடையாது. அப்படி ஆகியிருக்குமோ. ஆனால் மக்சிக் சடாப் என்றாரே. லாத்தா கிண்ணம் கொண்டு வந்தாரே. யார் நாக்கை நம்புவது?

புதன்கிழமை சமைத்து முடித்துக் கேரியர்களைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சேலையை மாற்றினேன்.

"எங்க கிளம்புற?"

"மில்லுக்கு."

"பொம்பளை போற இடமா அது?"

"ஆம்பளை போய் என்னத்தைக் கேட்டுட்டு வந்தீங்க?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பின்னால் நடந்தேன். லாவண்டர் ரோட்டைத் தாண்டினதுமே மர வாடை வந்தது. ஆற்றில் கட்டைகள் மிதந்தன. மில் வாசலில் பேசினால் காது கேட்காது, அந்தச் சத்தம். சங்கு ஊதின பிறகுதான் நின்றது. ஆட்கள் தலையிலிருந்து கால்வரை தூசியாக வெளியே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் எங்கள் ஏழு பேரும் அப்படியே நின்றார்கள். ஆறு பேர் திரும்பி ஒரு கட்டைக்குப் பின்னால் போய்விட்டார்கள். மூத்தவர் மட்டும் வந்தார். அவரும் கிட்டே வரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வா தங்கச்சி. என்ன இவ்வளவு தூரம்?"

"குழம்புல என்னண்ணே குறை?"

"குறையா? ஒண்ணும் இல்லையே. நல்லாருக்கு."

"நல்லாருந்தா ஏன் திரும்பி வருது?"

அவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் ஆற்றைப் பார்த்தார்.

நான் ஒரு கேரியரைக் கழற்றி நீட்டினேன். "என் முன்னால ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்லுங்க. நான் போயிடுறேன்."

"அங்க கீழ வை தங்கச்சி."

"கையில வாங்குங்கண்ணே."

"கீழ வையேன்."

"என் கையால வாங்கக்கூட மாட்டீங்களா?"

கேரியரை நீட்டியபடியே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையை முன்னால் கொண்டுவந்தார். விரல்களுக்கு நடுவே மஞ்சளாகப் பூசியிருந்தது. மணிக்கட்டுவரை பூசியிருந்தது. அடியில் தோல் சிவந்து பொரிந்திருந்தது. அந்த வத்திக்குச்சி வாடை அடித்தது.

"சிரங்கா?"

"மெதுவாப் பேசு."

"எல்லாருக்குமா?"

"ஒரே ரூமு. ஒரே பாய் மாதிரிதான் படுக்குறோம். ஒருத்தனுக்கு வந்துச்சு, ஏழு பேருக்கும் வந்துருச்சு. சிராங்கூன் ரோட்டுல நாட்டு வைத்தியர்கிட்ட காட்டுனோம். மேலுக்குக் கந்தகம் போட்ட எண்ணெய். உள்ளுக்கு ஒரு சூரணம். ஒரு மண்டலம் பத்தியம்னுட்டாரு. புளி நாக்குல படக் கூடாது. பட்டா மருந்து முறிஞ்சிடுமாம்."

"அதான் பாத்திரம் விளக்கக்கூட..."

"ஆமா."

"சொல்லியிருந்தா வேற வச்சிருப்பேன்லண்ணே."

"சிரங்குன்னு சொன்னா எங்க பாத்திரத்தைத் தொடுவியா நீ? வீட்டுல கைப்புள்ள வேற இருக்குன்னு இந்தத் தம்பி சொல்லுச்சு. நீ நிறுத்திட்டா நாங்க எங்க போறது? ஒரு கடையில விசாரிச்சோம். புளியில்லாமச் சோறான்னு சிரிச்சிட்டான்."

"குழம்பைக் கீழ ஊத்திட்டுக் காலியா அனுப்பியிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்."

"அன்னத்தைக் கீழ ஊத்துறதா? அதுலயும் உன் குழம்பை? மருந்து பூசுன கை படாம, ஒரு பருக்கை விழாம, ஓரமா வச்சு மூடி அனுப்புனோம். எச்சப்படாம இருந்தா வீட்டுல நீங்க சாப்பிட்டுக்கலாமேன்னு."

ஒரு சொட்டு வழியாத அந்த விளிம்பைப் பார்த்துத்தான் நான் அத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தேன். அதை அவர்கள் மரியாதை என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். எனக்குக் கோபப்படுவதா என்னவென்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அவங்க சொறிஞ்சதை நீங்க பாக்கலையா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா?"

"மரத்தூசு. மில்லுல எல்லாருந்தான் சொறிவோம்."

லாத்தாவிடம் மறைக்கவில்லை. சொன்னேன். அவர் முதலில் குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு உள்ளேயிருந்து சொன்னார்: "கேரியரைக் கொதிக்கிற தண்ணியில போடு. பிடியோட போடு. எங்க பாத்திரத்தோட சேக்காத. அந்தக் குழம்பை எம்புள்ளைக்கும் ஒரு வாய் ஊட்டினேனே புள்ள, யா அல்லா."

இரண்டு நாள் அவர் என் பக்கம் வரவில்லை. கோபமா பயமா தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு கிண்ணம் புளியாணம் கொண்டுவந்து என் அடுப்பு மேட்டில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் ரசத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும், பச்சையாகக் கரைத்தது. அதை நின்றபடியே குடித்தேன். குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை.

விஷயம் தெரிந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. எனக்குப் புளி இல்லாமல் சமைக்கத் தெரியாது. முதல் நாள் நான் யோசிப்பதற்கு முன்பே கை ஜாடிக்குள் போய்ப் புளியை எடுத்து ஊறப்போட்டுவிட்டது. பார்த்துவிட்டுக் கொட்டினேன். மறுநாளும் ஊறப்போட்டேன். மறுநாளும் கொட்டினேன். ஜாடியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

புளி இல்லாமல் குழம்பு வைத்தால் நிற்க மாட்டேன் என்கிறது. மிளகு தனியாகப் போகிறது. உப்பு தனியாகப் போகிறது. எண்ணெய் எப்போது பிரியும், எப்போது இறக்குவது என்று தெரியவில்லை. புளியின் பச்சை வாசனை போவதுதான் எனக்கு மணி. அது இல்லாமல் அடுப்புக்கு முன்னால் வழி தெரியாதவள் மாதிரி நின்றேன். பாசிப்பருப்பும் பூண்டும் போட்டு ஒரு சாறு வைத்தேன். தேங்காய்ப்பாலில் முருங்கைக்கீரை வைத்தேன். ஆட்டு எலும்பு வாங்கி மிளகுத் தண்ணீர் வைத்தேன். எதை ருசி பார்த்தாலும் பாதி சொன்ன பேச்சு மாதிரி இருந்தது.

மக்சிக் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் காய்ந்த சீவல் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மலாய்க்காரர்கள் மீனில் போடுகிற இன்னொரு அசாம். வேறு மரம், வேறு காய். கடித்துப் பார்த்தேன், புளித்தது. இது ஆகுமா? வீட்டுக்காரரிடம் சொல்லி, மூத்தவர் மூலமாக வைத்தியரைக் கேட்டேன். பதில் வந்தது. மோர் ஆகும். எலுமிச்சம்பழம் ஆகும். தக்காளி ஆகாது. அந்தச் சீவலைப் பற்றி வைத்தியர் கேள்விப்பட்டதில்லை, அதனால் அதுவும் ஆகாது.

மோர் புளிக்காதா? எலுமிச்சை புளிக்காதா? புளிப்பு ஆகாதா, புளியமரம் ஆகாதா? இதைத் திரும்பக் கேட்டு அனுப்பினேன். வைத்தியர் சிரித்தார் என்று மட்டும் பதில் வந்தது. இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இரண்டு குழம்பு வைக்க விறகு கட்டுப்படியாகாது. எங்கள் வீட்டிலும் அதையேதான் சாப்பிட்டோம். நாலாம் நாள் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் சிரங்கா?"

"பேசாமச் சாப்பிடுங்க."

"இல்ல, தெரிஞ்சா நானும் சொறிஞ்சுக்குவேன்ல."

அவர் சாப்பிட்டார். ஏழு கேரியரும் தினமும் காற்று மாதிரி வந்தன. ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஏழையும் திறந்து பார்த்த பிறகுதான் கழுவப் போடுவேன்.

மண்டலம் முடிந்தது. புண் காய்ந்து தோல் உரிந்து எல்லாருக்கும் கை தெளிந்தது. "நாளையிலிருந்து அண்ணி புளி போடலாம்" என்று சேதி வந்தது. ஜாடியை வெளியே இழுத்தேன். அதற்குள் புளி கறுக்க ஆரம்பித்திருந்தது. கையை உள்ளே விட்டேன். கை தானாக நிற்கவில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஒரு உருண்டை எடுத்தேன், கொஞ்சம் கிள்ளிப் போட்டேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் குத்துமதிப்பாகத்தான் கரைத்தேன். கொதித்ததும் ஒரு சொட்டு நாக்கில் விட்டேன். எனக்கே பல் கூசியது. இதையா இத்தனை வருஷம் சாப்பிட்டோம் என்று இருந்தது. லாத்தாவிடம் ஒரு கரண்டி கொடுத்தேன்.

"எப்படி இருக்கு லாத்தா?"

"எப்பவும் போலத்தான் இருக்கு புள்ள. ஏன் கேக்குற?"

அனுப்பினேன். வந்தது. ஐந்து கேரியர் லேசாக இருந்தது. இரண்டு கனத்தது. திறந்தேன். கை படாமல் குழம்பு.

"என்னங்க இது?"

இந்தத் தடவை அவர் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அவங்க ரெண்டு பேருக்கும் இனிமே புளி வேணாமாம். புளியில்லாமச் சாப்பிட்டதுல நெஞ்செரிச்சல் நின்னுடுச்சாம். அதையே வைக்கச் சொன்னாங்க."

"புளிக்குழம்புக்காகத்தானே வந்தாங்க?"

"நானும் அதைத்தான் கேட்டேன். ஆமான்னாங்க."

விறகு ஆனால் ஆகட்டும் என்று இரண்டு குழம்பு வைக்கத் தொடங்கினேன். அந்த வாரமே மில்லில் வேறு கொட்டகையில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்காரரை நிறுத்தி விசாரித்தார்கள். ஒருவருக்கு வயிற்றில் புண். ஒருவருக்கு மூலம். ஒருவருக்கு ஒன்றும் இல்லை, அந்த மிளகுச் சாற்றின் வாசனை பிடித்ததாம். ஏழு பேரும் மண்டலம் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டதை இவர்கள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான். அந்தப் பத்தியச் சாப்பாடு வேண்டும்.

எனக்குக் கைவந்தது புளிக்குழம்பு. அதை யாரும் கேட்கவில்லை. தெரியாமல் தடுமாறி வைத்ததைக் கேட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் ஒன்பது கேரியர் வாங்கினோம். வீட்டுக்காரர் சைக்கிளின் பின்பக்கம் குறுக்கே ஒரு கட்டையைக் கட்டி இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். அந்த வாடகைக்கு நாங்கள் பயப்படவில்லை. அடுத்ததற்கும் பயப்படவில்லை.

மாதக் கடைசியில் ஒரு காலையில், மாறிப்போய்விடக் கூடாதே என்று கேரியர்களை அடுப்படித் தரையில் இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டு எண்ணினேன். சரியாக எண்ணினேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன்.

புளி போட்டது ஐந்து.

போடாதது பதினொன்று.